மாத்திரை அட்டையா, வாரப்பெட்டியா, மருந்தகப் பொட்டலமா: பராமரிப்பு இல்லத்துக்கு எது ஏற்றது?

20 பேர் தங்கியிருக்கும் ஒரு பராமரிப்பு இல்லத்தில் ஆளுக்கு 8 மருந்து என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 160 மருந்துகள். காலை, மதியம், மாலை, இரவு என நான்கு வேளையும் அவை சரியான ஆளுக்கு, சரியான அளவில், சரியான நேரத்தில் போய்ச் சேர வேண்டும். ஆளுக்கு 8 என்பது கூட்டிச் சொன்ன கணக்கல்ல. இங்கிலாந்தில் 55 இல்லங்களில் 256 முதியவர்களின் மருந்துகளை ஆராய்ந்து 2009-ல் வெளிவந்த ஆய்விலும் சராசரி 8 மருந்துதான். அந்த 256 பேரில் ஏறக்குறைய பத்துக்கு ஏழு பேருக்கு ஏதாவதொரு மருந்துத் தவறு நேர்ந்திருந்தது. டாக்டர் எழுதியது, மருந்தகம் கொடுத்தது, இல்லத்தில் கொடுத்தது, கொடுத்தபின் கண்காணித்தது என எல்லாப் படியிலும் தவறு இருந்தது.

இல்லத்தின் கையில் முழுதாக இருப்பது ஒரு படிதான்: மருந்தை வாங்கி வைத்து, எடுத்துக் கொடுத்து, எழுதி வைப்பது. அதற்கு மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன. மருந்தகத்தில் இருந்து வந்த அட்டை, பாட்டில் அப்படியே இருக்க, வேளைக்கு வேளை அதிலிருந்து எடுத்துக் கொடுப்பது ஒன்று. வாரத்துக்கு ஒருமுறை இல்லத்து ஊழியர் பிரித்து, நாள்-வேளை அறைகள் கொண்ட பெட்டியில் நிரப்பி வைப்பது இன்னொன்று. மருந்தகமே வேளைவாரியாக அட்டையிலோ பொட்டலத்திலோ அடைத்துத் தருவது மூன்றாவது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று பேசும்போது பெரும்பாலும் நேரம் மிச்சமாவதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறு. மாத நடுவில் டாக்டர் ஒரு மருந்தை நிறுத்தினால் இந்த முறை தாங்குமா? கையில் இருக்கும் மாத்திரை எது என்று கொடுப்பவரால் அந்த நொடியில் சொல்ல முடியுமா? கொடுத்ததாக எழுதியிருப்பது உண்மையா என்று பத்து நாள் கழித்து எண்ணிப் பார்க்க வழி இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் தரும் முறையே இல்லத்துக்கு ஏற்றது. இந்த அளவுகோலில் அட்டையில் இருந்து நேராகக் கொடுப்பதே அடிப்படை முறையாக இருக்க வேண்டும் என்பது எங்கள் முடிவு. மருந்தகம் அடைத்துத் தருவதைச் சில நிபந்தனைகளோடு ஏற்கலாம். மற்றவருக்காக ஊழியர் வாரப்பெட்டி நிரப்புவதை விட்டுவிட வேண்டும்.

அட்டையில் இருந்து நேராகக் கொடுப்பது

ஒவ்வொருவருக்கும் மூடியுள்ள தனி டப்பா. மேலே பெயர், பிறந்த தேதி, அறை எண், அண்மையில் எடுத்த புகைப்படம், ஒவ்வாமை இருந்தால் சிவப்பில். அந்தப் பெயருக்கு வந்த அட்டைகள், மருந்தக லேபிளோடு, அந்த டப்பாவில் மட்டும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் இருவரின் டப்பாவிலும், அவரவர் மருந்துகளையும் கொடுத்த வேளைகளையும் பதியும் மருந்துத் தாளிலும் ‘இதே பெயரில் இன்னொருவர் உண்டு’ என்று எழுதி ஒட்டுவது கட்டாயம்.

கொடுக்கும் முறையில் ஒழுங்கு தவறினால் எந்த டப்பாவும் உதவாது. ஒருவரின் டப்பாவை மட்டும் திறந்து, அவருடைய மருந்துத் தாளை எதிரில் வைத்துக்கொள்ள வேண்டும். அட்டையை எடுக்கும்போது ஒருமுறை, மாத்திரையைப் பிதுக்கும்முன் ஒருமுறை, அட்டையைத் திரும்ப வைக்கும்போது ஒருமுறை என்று மூன்று தடவை லேபிளையும் தாளையும் ஒத்துப் பார்ப்பது பழைய வழக்கம். இன்றும் அதைவிட நல்ல வழி வரவில்லை. கையால் தொடாமல் சிறு கோப்பைக்குள் பிதுக்கி, ஆளை உட்கார வைத்து, பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டு (“நீங்கள் இன்னார்தானே?” என்று கேட்டால் மறதி நோய் உள்ளவர் யாராயிருந்தாலும் ஆமாம் என்பார்), புகைப்படத்தோடு ஒப்பிட்டு, தண்ணீரோடு கொடுத்து, விழுங்கியதைப் பார்த்த பிறகே தாளில் கையெழுத்து. அதற்கப்புறம்தான் அடுத்தவர் டப்பா.

இதில் எந்த இடத்தில் குறுக்குவழி நுழையும் என்பது தெரிந்த கதை. முதலில் எல்லாருக்கும் கோப்பைகளில் எடுத்து வரிசையாக வைத்துவிட்டு, பிறகு தட்டில் தூக்கிக்கொண்டு போவது. கொடுத்து முடித்தபின் மொத்தமாக உட்கார்ந்து 20 தாள்களிலும் கையெழுத்துப் போடுவது. முதலாவதில் ஆள் மாறும். இரண்டாவதில், கொடுக்காததும் கொடுத்ததாகப் பதிவாகும்.

நேரக் கணக்கையும் வெளிப்படையாகப் போட வேண்டும். ஒருவருக்கு 4 நிமிடம் என்றால் 20 பேருக்கு 80 நிமிடம். காலை 7.30-க்குத் தொடங்கினால் 8.50-க்குத்தான் முடியும். அறை எண் வரிசையில் போனால் கடைசி அறையில் இருப்பவருக்கு நாள்தோறும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைக்கு அது பரவாயில்லை. பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா மாத்திரை அரை மணி தாமதமானாலும் சிலருக்கு உடல் விறைத்து, எழவும் விழுங்கவும் முடியாமல் போகும். அதனால் வரிசையை அறை எண்ணை வைத்துப் போடாமல் மருந்தை வைத்துப் போட வேண்டும். லெவோடோபா அவரவர் குறித்த நேரத்துக்கு. தைராக்ஸின் வெறும் வயிற்றில், காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி முன்பு; கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் அதிலிருந்து 4 மணி நேரம் தள்ளி. உணவோடு சேரும் இன்சுலின், தட்டு முன்னால் வந்துவிட்டது என்று உறுதியான பிறகு. மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு. மீதியெல்லாம் பொதுச் சுற்றில்.

இந்த முறையின் பெரிய பலம் எண்ணிக்கை. 1-ஆம் தேதி 30 மாத்திரை வந்தது, நாளைக்கு 2 வீதம் 9 நாள் கொடுத்தாயிற்று, 18 போக 12 இருக்க வேண்டும். டப்பாவில் 14 இருக்கிறது, தாளில் 18 கையெழுத்தும் இருக்கிறது என்றால் இரண்டு வேளை கொடுக்காமலே கையெழுத்து விழுந்திருக்கிறது. 10 தான் இருந்தால் யாருக்கோ இரட்டிப்பாகப் போயிருக்கிறது, அல்லது கீழே விழுந்ததை எழுதவில்லை. வாரத்துக்கு ஐந்து பேரை எடுத்து, ஆளுக்கு இரண்டு மருந்தை இப்படி எண்ணிப் பார்த்தாலே போதும், இல்லத்தின் உண்மை நிலை தெரிந்துவிடும். வேறு எந்த முறையிலும் இவ்வளவு எளிதாக இது நடக்காது.

குறைகளும் உண்டு. ஒரே நிறுவனத்தின் இரண்டு மருந்துகள், அல்லது ஒரே மருந்தின் 5 மி.கி., 10 மி.கி. அட்டைகள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். அவற்றை டப்பாவுக்குள் அடுத்தடுத்து வைக்கக் கூடாது. அட்டையைக் கத்தரித்தால் பெயரும் காலாவதித் தேதியும் ஒரு துண்டோடு போய்விடும், மீதித் துண்டு அநாதை. எந்த மருந்தின் அட்டையையும் வெட்டக் கூடாது என்பதை எழுதி ஒட்டி வைக்கலாம். அரை மாத்திரை எழுதப்பட்டிருந்தால், அதே அளவில் முழு மாத்திரை கிடைக்குமா என்று மருந்தாளுநரிடம் கேட்பது முதல் வேலை. உடைத்த மாத்திரைகள் பாதிக்குப் பாதி சரியாக உடைவதில்லை.

ஊழியர் நிரப்பும் வாரப்பெட்டி

தன் மருந்தைத் தானே சாப்பிடுகிற ஒருவர் தானே நிரப்பிக்கொண்டால் வாரப்பெட்டி நல்ல துணை. 20 பேருக்கு ஊழியர் நிரப்பும்போது கதை வேறு. ஆளுக்கு 7 நாள், 4 வேளை, ஆக 28 அறை. 20 பேருக்கு 560 அறை. அதை ஒருவர், பெரும்பாலும் ஆள் குறைவாக இருக்கும் இரவு ஷிஃப்டில், அழைப்பு மணிக்கு நடுநடுவே எழுந்து போய்க்கொண்டே நிரப்புகிறார். ஒரு அட்டையைத் தவறாக எடுத்தால், வேளைக்கு வேளை கொடுக்கும் முறையில் ஒரு வேளைத் தவறோடு போகும். பெட்டியில் அதே கைத்தவறு ஏழு நாளுக்கும் பரவும்.

பெட்டிக்குள் விழுந்த மாத்திரைக்குப் பெயர் இல்லை, தொகுதி எண் இல்லை, காலாவதித் தேதி இல்லை. இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை டாக்டர் புதன்கிழமை தொலைபேசியில் நிறுத்தச் சொல்கிறார் என்று வையுங்கள். அறையைத் திறந்தால் உள்ளே ஐந்து மாத்திரை. மூன்று வெள்ளை, வட்டம், ஏறக்குறைய ஒரே அளவு. எதை எடுப்பது? பின்பக்க எழுத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒன்றை எடுக்கிறார் ஊழியர். அதுவே இரத்த அழுத்த மாத்திரையாக இருந்தால், நிறுத்தச் சொன்னது தொடர்கிறது, தொடர வேண்டியது நின்றுவிடுகிறது, மருந்துத் தாளில் எல்லாம் சரியாக இருக்கிறது. இப்படிப்பட்ட நேரத்தில் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: பெட்டியை முழுதாகக் கவிழ்த்து, மீதி நாட்களை அட்டையில் இருந்து கொடுப்பது.

‘நான் நிரப்பினேன், அவர் கொடுத்தார்’ என்று பொறுப்பு இரண்டாகப் பிளப்பதும் இதில்தான். கொடுப்பவர் தான் கொடுப்பது என்னவென்று தெரியாமல் கையெழுத்துப் போடுகிறார். ஊழியருக்கு இது நியாயமும் இல்லை, இல்லவாசிக்குப் பாதுகாப்பும் இல்லை.

மருந்தகம் அடைத்துத் தருவது

இதில் இரண்டு வகை. நாள்-வேளை குழிகள் கொண்ட, பின்பக்கம் ஒட்டிய பெரிய அட்டை ஒன்று. இயந்திரம் அடைத்து, பெயர், தேதி, நேரம் அச்சிட்டு, சுருளாக வரும் சிறு பொட்டலங்கள் மற்றொன்று. நிரப்பும் வேலை, அமைதியான இடத்தில், மருந்தாளுநர் சரிபார்ப்போடு நடக்கிறது. ஒவ்வொரு மாத்திரையின் நிறம், வடிவம், மேலுள்ள எழுத்து லேபிளில் அச்சாகி வரும். வாரப்பெட்டியோடு இதைச் சேர்த்துப் பேசக் கூடாது.

மேலே சொன்ன இங்கிலாந்து ஆய்வின் தரவுகளைப் பிரித்துப் பார்த்தபோது, இப்படி அடைத்து வந்த மாத்திரைகளில் கொடுக்கும் தவறு மற்றவற்றைவிடக் குறைவாகவே இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதே தரவு இன்னொன்றையும் காட்டியது: தவறு மிக அதிகமாக இருந்தது இன்ஹேலரில், கிரீம், ஊசி, சிரப் எல்லாமே அடைத்த மாத்திரையைவிட மோசம். அதாவது, எதை அட்டையில் அடைக்க முடியாதோ அதில்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன. அட்டை வாங்கிவிட்டோம் என்ற நிம்மதியில் அந்தப் பக்கம் கவனம் குறைவதுதான் இந்த முறையின் ஆபத்து.

அடைக்க முடியாதவை கொஞ்சநஞ்சமல்ல. வலிப்பு நோய்க்கான சோடியம் வால்ப்ரோயேட் ஈரத்தை உறிஞ்சும், நிறுவனம் அடைத்த மூல அட்டையை விட்டு எடுத்தால் கெடும். நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை அதன் சொந்தப் பாட்டிலில்தான் இருக்க வேண்டும். வெளியே எடுத்தால் வீரியம் போய்விடும். இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் டாபிகாட்ரான் மூலப் பாட்டிலிலோ மூல அட்டையிலோதான். பாட்டிலைத் திறந்தால் 4 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். தண்ணீரில் கரையும் மாத்திரை, வாயில் கரையும் மாத்திரை ஒத்துவராது. அதே வேலைக்கான வார்ஃபரினின் அளவு இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து மாறிக்கொண்டே இருக்கும், அதை முன்கூட்டி அடைப்பதில் பொருளில்லை. எலும்புத் தேய்மானத்துக்கான அலென்ட்ரோனேட் வாரம் ஒருமுறை, வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு. அதன்பின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது, இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். மற்ற மாத்திரைகளோடு ஒரே குழியில் அது இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மடக்கில் கொடுத்துவிடுவார்கள்.

மெத்தோட்ரெக்சேட்டைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். மூட்டுவாதத்துக்கு வாரத்தில் ஒரு நாள் மட்டும் தரும் இந்த மருந்தைத் தினமும் கொடுத்து உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. வாய்ப்புண், தொண்டை வலி, காய்ச்சல் தொடங்கி எலும்பு மஜ்ஜை இரத்த அணுக்களை உண்டாக்குவதே குறைந்துவிடும். எந்த முறையை எடுத்தாலும் இது தனி உறையில், கிழமையின் பெயர் பெரிதாக எழுதப்பட்டு, மருந்துத் தாளில் மற்ற ஆறு நாள் கட்டங்களும் குறுக்குக்கோடு போட்டு அடைக்கப்பட்டு இருக்க வேண்டும். இதோடு எழுதித் தரும் ஃபோலிக் ஆசிட் வேறு கிழமையில்.

இவற்றோடு தேவைப்படும்போது மட்டும் தரும் மருந்துகள், சொட்டு மருந்துகள், இன்சுலின், ஒட்டுப் பட்டை எல்லாம் சேர்ந்தால், அடைத்த அட்டை வாங்கும் இல்லத்தில் ஒருவருக்கே இரண்டு மூன்று இடங்களில் மருந்து இருக்கும். அட்டையைக் கொடுத்து முடித்ததும் வேலை முடிந்த உணர்வு வந்துவிடும். அதனால் மருந்துத் தாளின் தலைப்பில் ‘அட்டைக்கு வெளியே 4 மருந்து’ என்று எண்ணிக்கையோடு எழுதியிருப்பது அவசியம்.

ஒப்பந்தம் போடுமுன் மருந்தகத்திடம் கேட்க வேண்டியவற்றில் முதன்மையானது: சுழற்சியின் (ஒருமுறை வாங்கும் 28 நாள் சரக்கின்) நடுவில் மருந்து மாறினால் பழைய அட்டையைத் திரும்பப் பெற்று அன்றைக்கே புது அட்டை தருவீர்களா? “அடுத்த மாத அட்டையில் மாற்றிவிடுகிறோம்” என்ற பதில் வந்தால், அந்த மருந்தகத்தோடு இந்த முறை வேண்டாம். விடுமுறை நாளில், இரவில் யார் பேசுவார்கள்? வேறு நிறுவன மாத்திரை வந்து நிறம் மாறினால் லேபிளில் இருக்கும் விவரமும் மாறி வருமா? சரக்கு சுழற்சி தொடங்க எத்தனை நாள் முன்னால் கையில் கிடைக்கும்? குறைந்தது மூன்று நாளாவது இருந்தால்தான் ஒவ்வொரு அட்டையையும் தாளோடு ஒத்துப் பார்த்து, விட்டுப்போனதைக் கேட்டு வாங்க முடியும்.

மருந்துத் தாள்: காகிதமா, கணினியா

உண்மையில் இதுதான் இதயம். பெட்டியா அட்டையா என்பதைவிட இதில் இருக்கும் ஒழுங்கே ஒருவரைக் காப்பாற்றுகிறது.

காகிதத் தாளில் கையால் எழுதும்போது எழுத்துதான் எதிரி. ‘1-0-1’ என்ற குறி எத்தனை மாத்திரை என்று சொல்லுமே தவிர எத்தனை மில்லிகிராம் என்று சொல்லாது. 25 மி.கி. மாத்திரை கிடைக்காமல் 50 மி.கி. வந்தால், அதே ‘1-0-1’ இரட்டிப்பு அளவாகிவிடும். மருந்தின் பெயர், மாத்திரையின் வலிமை, ஒரு வேளைக்கு எத்தனை மி.கி., அது எத்தனை மாத்திரை என்று நான்கும் எழுத வேண்டும். பாதி மில்லிகிராம் என்றால் 0.5, புள்ளிக்கு முன் சுழியம் இல்லாவிட்டால் அது 5 ஆகத் தெரியும். 5 மில்லிகிராம் என்றால் வெறும் 5, 5.0 என்று எழுதினால் 50 ஆகும். இன்சுலினுக்கு ‘யூனிட்’ என்ற சொல்லை முழுதாக எழுத வேண்டும், ஆங்கில ஒற்றை எழுத்தில் சுருக்கினால் அது சுழியம் போலத் தெரிந்து 10 யூனிட் 100 ஆகிவிடும். மைக்ரோகிராம் என்பதையும் சுருக்கக் கூடாது. மில்லிகிராமாகப் படித்தால் ஆயிரம் மடங்கு. கையால் எழுதிய ஒவ்வொரு வரியையும் இரண்டாமவர் மருந்துச் சீட்டோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

காலிக் கட்டம் எதையும் சொல்லாது. கொடுக்கவில்லையா, கொடுத்துவிட்டு எழுதவில்லையா? அடுத்த ஷிஃப்டில் வருபவர் ஊகித்தால் இரண்டு வழியிலும் ஆபத்து. மறுத்தார், தூங்கினார், வாந்தி எடுத்தார், மருத்துவமனையில் இருக்கிறார், சரக்கு இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்துக் குறி வைத்து, தாளின் பின்பக்கம் காரணம் எழுதினால் கட்டம் காலியாகவே இருக்காது. ஷிஃப்ட் ஒப்படைக்கும்போது இருவரும் சேர்ந்து தாள்களைப் புரட்டி, காலிக் கட்டம் இருந்தால் போகிறவர் கிளம்புமுன் கேட்டுவிட வேண்டும். சரக்கு இல்லை என்ற குறி தொடர்ந்து இரண்டு வேளை வந்தால் அது பொறுப்பாளருக்குப் போக வேண்டிய செய்தி.

கணினி அல்லது டேப்லெட் முறை இந்தத் தொல்லைகளில் பலவற்றை அடைக்கும். கையெழுத்துக் குழப்பம் இல்லை. விட்டுப்போன வேளை சிவப்பில் நிற்கும். பாரசிட்டமால் கொடுத்து 4 மணி நேரம் ஆகுமுன் மறுபடி கொடுக்கப் போனால் தடுக்கும். இருப்புக் கணக்கும் தானாகக் குறையும். ஆனால் ‘எல்லாம் கொடுத்தாயிற்று’ என்று ஒரே பொத்தானில் முடிக்க வழி இருந்தால், அது காகிதத்தில் மொத்தமாகக் கையெழுத்துப் போடுவதைவிட மோசம்; வாங்குமுன் அந்தப் பொத்தானை நீக்கித் தரச் சொல்ல வேண்டும். ஒரு சுற்றுக்கு நாற்பது எச்சரிக்கை ஒலித்தால் நாற்பத்தோராவதை யாரும் படிக்க மாட்டார்கள். இணையம் அறுந்தாலும் மின்சாரம் போனாலும் வேலை நிற்காமலிருக்க, ஒவ்வொரு இரவும் மறுநாளைய தாள்களை அச்செடுத்து வைக்க வேண்டும். ஒருவர் கடவுச்சொல்லில் இன்னொருவர் கொடுப்பதைத் தடுக்க முடியாத இல்லத்துக்குக் கணினி முறை இப்போதைக்கு வேண்டாம். 10 பேருக்குக் குறைவான இல்லத்தில் நன்றாக வைத்திருக்கும் காகிதத் தாளே போதும்.

தேவைப்படும்போது தரும் மருந்துக்குத் தாளோடு ஒரு பக்கக் குறிப்பு இணைக்க வேண்டும்: எதற்காக, எவ்வளவு, எத்தனை மணி இடைவெளி, 24 மணி நேரத்தில் உச்ச அளவு என்ன. பாரசிட்டமால் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது; உடல் மெலிந்தவருக்கு டாக்டர் அதையும் குறைப்பார். சளி மாத்திரைக்குள்ளும் அது ஒளிந்திருக்கும். பேச முடியாதவருக்கு வலி எப்படித் தெரியும் என்பதையும் அதில் எழுதுங்கள்: முகம் சுளிப்பது, ஒரு பக்கம் திரும்பவிடாமல் தடுப்பது, சாப்பிட மறுப்பது. எழுதாவிட்டால் பேசத் தெரிந்தவருக்கு மட்டும்தான் வலி மருந்து கிடைக்கும். கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துப் பலன் இருந்ததா என்று ஒரு வரி.

எங்கே வைப்பது

பூட்டிய டிராலியா, அவரவர் அறையில் பூட்டிய அலமாரியா என்ற கேள்விக்கு, அறை அலமாரிக்கே எங்கள் ஆதரவு. அறைக்குள் போனால் அங்கே இருப்பது ஒருவருடைய மருந்து மட்டும்; ஆள் மாறும் வாய்ப்பே அடிபடுகிறது. கூடத்தின் சத்தமும் குறுக்கீடும் இல்லை. டிராலியில் வைப்பதானால் கண்ணைவிட்டு அகலும் ஒவ்வொரு முறையும் பூட்ட வேண்டும், ஓய்வில் சுவரோடு சங்கிலியிட வேண்டும். சமையலறை, குளியலறை ஓரம் இரண்டுக்கும் ஆகாது. பல மருந்துகள் 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டியவை. அறையில் ஒரு தெர்மாமீட்டர் தொங்கட்டும்.

மருந்துக்குத் தனி ஃபிரிட்ஜ், 2 முதல் 8 டிகிரி, குறைந்தபட்ச-அதிகபட்ச அளவு காட்டும் தெர்மாமீட்டர், தினமும் ஒருமுறை எழுதுவது. உறைந்துபோன இன்சுலினை உருக்கிப் பயன்படுத்தக் கூடாது, தூக்கிப்போட வேண்டும். திறந்த இன்சுலினில் பல வகைகளுக்கு 28 நாள்தான் ஆயுள். கண் சொட்டு மருந்துக்கும் பொதுவாக 28 நாள். திறந்த தேதி மருந்து வந்த அட்டைப்பெட்டியில் மட்டுமல்லாமல் பாட்டிலிலேயே எழுதப்பட வேண்டும், அந்த அட்டைப்பெட்டி முதலில் காணாமல் போகும்.

மார்ஃபின், ஃபென்டனில் போன்ற கடும் வலி மருந்துகளுக்குத் தனிப் பூட்டு, பக்க எண் இட்ட பதிவேடு, ஒவ்வொரு முறையும் இரண்டு கையெழுத்து, மீதி இருப்பு. தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டையைப் பெரும்பாலும் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். பழையதைத் தேடி எடுக்காமல் புதியதை ஒட்டினால் இரட்டை அளவு போய் மூச்சு மந்தமாகும். எந்த இடத்தில் ஒட்டியது என்று உடல் படத்தில் குறித்து, நாள்தோறும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எடுத்த பட்டையில் மருந்து மிச்சம் இருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே போக மடித்துத்தான் அகற்றுவது. சூடான பை, ஹீட்டர் அதன் அருகே கூடாது.

விழுங்க முடியாதவர்

மாத்திரையைப் பொடித்துக் கஞ்சியில் கலப்பது பல இடங்களில் கேள்வியில்லாமல் நடக்கிறது. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர்., ரிடார்ட் என்று இருந்தால் அது மெதுவாகக் கரைய வேண்டியது; பொடித்தால் ஒரு நாளைக்கான மருந்து ஒரு மணி நேரத்தில் இறங்கும். குடலில் கரையும் உறையுள்ள மாத்திரையைப் பொடித்தால் வயிற்று அமிலம் அதைக் கெடுக்கும், அல்லது அது வயிற்றைப் புண்ணாக்கும். முதலில் மருந்தாளுநரிடம் சிரப் வடிவம் உண்டா என்று கேட்க வேண்டும். கூடவே, விழுங்குவதில் சிக்கல் ஏன் வந்தது என்று டாக்டர் பார்க்க வேண்டும். மருந்து என்று சொல்லாமல் உணவில் மறைத்துக் கொடுப்பது இன்னும் பெரிய விஷயம். தெளிவாக யோசித்து வேண்டாம் என்று சொல்பவருக்கு அந்த உரிமை உண்டு. முடிவெடுக்கும் திறன் இல்லாதவர் விஷயத்தில் டாக்டர், மருந்தாளுநர், குடும்பத்தார் கூடிப் பேசி, எழுதி வைத்து, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். ஊழியர் தன் விருப்பத்தில் செய்யக் கூடாது.

மருத்துவமனையில் இருந்து திரும்பும் நாள்

எந்த முறையைத் தேர்ந்தாலும் அது உடையும் நாள் இதுதான். டிஸ்சார்ஜ் சீட்டோடும் ஒரு பை மருந்தோடும் ஒருவர் மாலையில் வந்து இறங்குகிறார். பழைய டப்பாவில் ஒரு நிறுவனப் பெயரில் அம்லோடிபின் இருக்கிறது. புதுப் பையில் வேறொரு பெயரில் அதே அம்லோடிபின். இரண்டும் கொடுக்கப்பட்டால் இரத்த அழுத்தம் சரிந்து, இரவில் கழிப்பறைக்கு எழும்போது விழுவார். மறுபக்கம், மருத்துவமனையில் தற்காலிகமாக நிறுத்தியதைச் சீட்டில் எழுத மறந்திருப்பார்கள். அது நிரந்தரமாக நின்றுவிடும்.

அன்றைக்கே செய்ய வேண்டியது: பழைய தாளை மூடிக் குறுக்குக்கோடு போடுவது. பழைய மருந்துகளையெல்லாம் டப்பாவில் இருந்து எடுத்துத் தனிப்பையில் பூட்டுவது. பழைய பட்டியல், டிஸ்சார்ஜ் பட்டியல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிறுவனப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் மூலப் பெயரால் வரிவரியாக ஒப்பிடுவது. தொடர்கிறது, அளவு மாறியது, புதிது, நிறுத்தியது என்று ஒவ்வொன்றுக்கும் குறி. எந்த வரிக்கும் பதில் தெரியாவிட்டால் இரவாக இருந்தாலும் மருத்துவமனையைக் கூப்பிட்டுக் கேட்பது. கடைசி வேளை எப்போது கொடுத்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். இன்சுலினிலும் வலி மருந்திலும் அதைக் கேட்காமல் அடுத்த வேளையைக் கொடுக்கக் கூடாது. அட்டையில் இருந்து கொடுக்கும் இல்லம் இந்த வேலையை ஒரு மணி நேரத்தில் முடிக்கும். அடைத்த அட்டை வாங்கும் இல்லம், புது அட்டை வரும்வரை மூல அட்டையில் இருந்து கொடுக்கப் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாத ஊழியருக்கு அன்று இரவுதான் முதல் பயிற்சி ஆகிவிடும். அது கூடாது.

எந்த இல்லத்துக்கு எது

ஆறு, எட்டு பேர் இருக்கும் சிறிய இல்லத்துக்கு: அறை அலமாரி, மூல அட்டை, காகிதத் தாள். இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

20 பேர் அளவில், ஊழியர் அடிக்கடி மாறாமல் இருந்தால் அதே முறைதான். கொடுப்பவர் அந்த 80 நிமிடமும் வேறு எதற்கும் கூப்பிடப்படக் கூடாது. தொலைபேசியை இன்னொருவர் எடுக்க வேண்டும். இந்த ஒன்றைச் செய்ய முடியாத இல்லத்தில் எந்த முறையும் சரிவராது.

50, 60 பேர், பல மாதமாக மருந்து மாறாதவர்களே அதிகம், மருந்தகமும் அன்றைக்கே மாற்றித் தரும் என்றால், அவர்களுக்கு அடைத்த அட்டை. அடிக்கடி அளவு மாறுபவர், புதிதாக வந்தவர், மருத்துவமனையில் இருந்து திரும்பி 28 நாள் ஆகாதவர் எல்லாம் மூல அட்டையிலேயே இருக்கட்டும். இப்படி இரண்டு முறை ஒரே இல்லத்தில் ஓடும்போது யார் எதில் என்பது கதவிலும் தாளிலும் ஒரே நிறத்தில் தெரிய வேண்டும். கணினிப் பதிவு இந்த அளவில்தான் தன் செலவுக்கு ஈடுகொடுக்கும்.

தன் மருந்தைத் தானே எடுத்துக்கொள்ள முடிகிறவருக்கு, எந்த இல்லமானாலும், அந்த வாய்ப்பைப் பறிக்க வேண்டாம். எதற்கு எந்த மாத்திரை என்று சொல்லத் தெரிகிறதா, அட்டையைப் பிதுக்கக் கையில் வலு இருக்கிறதா, பூட்டை நினைவாகப் போடுகிறாரா என்று பார்த்து, முதல் வாரம் ஒவ்வொரு வேளையும் அருகில் இருந்து, அடுத்து நாளுக்கு ஒருமுறை, பிறகு வாரத்துக்கு ஒருமுறை எண்ணிப் பார்த்தால் போதும்.

முறையை மாற்ற முடிவெடுத்தால் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒரு பிரிவில் நாலைந்து பேரோடு, 28 நாள் சுழற்சியின் முதல் நாளில் தொடங்குங்கள். அந்த நாலைந்து பேருக்கும் பழைய சரக்கு ஒன்றுகூட அறையில் இருக்கக் கூடாது. எண்ணி, எழுதி, மருந்தகத்துக்குத் திருப்பி அனுப்பிய பிறகே புதியது உள்ளே வர வேண்டும். முதல் வாரம் ஒவ்வொரு இரவும் எண்ணிக்கை, பிறகு வாரம் இருமுறை. தவறு ஒன்று தெரிந்தால் முதலில் ஆளைப் பார்த்து டாக்டரைக் கூப்பிடுங்கள், அடுத்து நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், யார் என்று கேட்பதற்குமுன் எந்தப் படியில் என்று கேளுங்கள். பயந்து மறைத்த தவறு அதே படியில் அடுத்த மாதமும் நடக்கும். ஒரு முழுச் சுழற்சியில் எண்ணிக்கை பொருந்தி வந்தால் அடுத்த பிரிவுக்குப் போகலாம்.